கோல்ட்பிளே டிக்கெட்: எந்தப் பாட்டுக்காகப் போகிறோம்?

கோல்ட்பிளே என்கிற பிரிட்டிஷ் ராக் பேண்டின் ரசிகர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு இரண்டே விஷயங்களில் வந்து நிற்கும். பழைய கோல்ட்பிளே நல்லதா, இப்போதைய கோல்ட்பிளே நல்லதா என்பது ஒன்று. டிக்கெட் விலை இன்னொன்று. எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இதே கதைதான். பழைய பாட்டுக்காரர்கள் ஒரு பக்கம், என் சித்தி மகன் மாதிரி பிடிஎஸ் என்ற கொரிய பேண்ட் வழியாக உள்ளே வந்தவர்கள் இன்னொரு பக்கம். 2025 ஜனவரி மும்பை கச்சேரிக்கு டிக்கெட் தேடிய மாதங்களில் இந்த இரண்டு சண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவை கலந்ததில் காரணம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பாட்டிலிருந்து தொடங்குகிறேன். 2000இல் 'பாராசூட்ஸ்' ஆல்பம் வந்தபோது கிறிஸ் மார்ட்டின், ஜானி பக்லேண்ட், கை பெர்ரிமேன், வில் சாம்பியன் நால்வரும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சந்தித்துச் சேர்ந்த இளைஞர்கள். இன்றும் அதே நால்வர்தான். அந்த ஆல்பத்தில் 'ஸ்பார்க்ஸ்' என்று ஒரு பாட்டு உண்டு. ஹெட்ஃபோனில் கேட்டால் பேஸ் கிட்டார் மெதுவாகத் தனியே நடந்து போகும். வாத்தியங்களுக்கு நடுவே மௌனத்துக்கும் இடம் விட்டிருப்பார்கள். சின்ன அறையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய பாட்டு அது. 2002இல் வந்த 'கிளாக்ஸ்' பியானோ சுழற்சியில் அந்த அறை கொஞ்சம் விரிகிறது. 2005இன் 'ஃபிக்ஸ் யூ' இன்னும் பெரியது. அன்று தன் மனைவியாக இருந்த க்வினெத் பேல்ட்ரோ தந்தையை இழந்து துயரத்தில் இருந்தபோது மார்ட்டின் எழுதிய பாட்டு. ஆர்கனில் முணுமுணுப்பாகத் தொடங்கி, பாதிக்கு மேல் பக்லேண்டின் கிட்டார் நுழைந்ததும் ஊரே சேர்ந்து பாடுகிற பாட்டாக மாறிவிடும். 2008இல் 'விவா லா விடா' வந்தது. அதில் வார்த்தையே இல்லாத அந்த ஓ... ஓ... பகுதியைப் பாட ஆங்கிலம்கூடத் தேவையில்லை. பல்லாயிரம் பேர் ஒரே குரலில் பாடுவதற்கென்றே அமைந்த மெட்டு.

அப்புறம் பாட்டுகள் இன்னும் பெரிதாகிக்கொண்டே போயின. 2012 சுற்றுப்பயணத்தில் ரசிகர்கள் கையில் மின்னும் பட்டைகளைக் கட்டினார்கள். ஸ்வீடன் டிஜே அவிச்சியோடு 'எ ஸ்கை ஃபுல் ஆஃப் ஸ்டார்ஸ்', அமெரிக்க டிஜே இரட்டையர் செயின்ஸ்மோக்கர்ஸோடு ஒரு பாட்டு, 2021இல் பிடிஎஸ்ஸோடு 'மை யுனிவர்ஸ்'. எங்கள் குழுவில் ஓர் அண்ணன் 2005க்குப் பிறகு வந்த எதையும் ஒப்புக்கொள்ளவே மாட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மைதானத்துக்கென்று எழுதப்படும் பாட்டுக்கும் தனித் திறமை வேண்டும். கடைசி வரிசையில் நிற்பவருக்கும் போய்ச் சேர வேண்டுமே. ஆனால் அவர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. பாட்டு மைதானத்துக்குப் போனதும் திரை, விளக்கு, பட்டாசு, கைப்பட்டை, லாரிகள், நூற்றுக்கணக்கான பணியாளர்கள் எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. டிக்கெட் விலையும் அப்படி வந்ததுதான்.

இது கோல்ட்பிளேயின் கதை மட்டும் இல்லை. ஆல்பம் விற்று வந்த காசு இணையத்தால் வற்றியபோது பாடகர்களுக்கு மேடைதான் வருமானம் ஆனது. பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி 2002லேயே இதைக் கணித்துவிட்டார்: இசை இனிமேல் குழாய்த் தண்ணீர், மின்சாரம் மாதிரி ஆகிவிடும், நிறையச் சுற்றுப்பயணம் செய்யத் தயாராக இருங்கள் என்று சக கலைஞர்களிடம் சொன்னார். பொருளாதார அறிஞர் ஆலன் க்ரூகர் கணக்குப் போட்டுக் காட்டினார். அமெரிக்காவில் 1996 முதல் 2003 வரை பொது விலைவாசி சுமார் 17 சதவீதம் ஏறியபோது கச்சேரி டிக்கெட்டின் சராசரி விலை 82 சதவீதம் ஏறியிருந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் பிரிந்துபோன ஒயாசிஸ் என்ற பிரிட்டிஷ் பேண்ட் மறுபடி சேர்ந்து பாடும் கச்சேரிகளின் டிக்கெட் விற்பனை இன்னும் மோசம். 148.50 பவுண்டு என்று நம்பி மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு, முறை வந்தபோது அதே நிற்குமிடம் 355.20 பவுண்டு என்று காட்டியது. அதைப் படித்துவிட்டு எங்கள் குழுவில் எல்லோரும் கொதித்தோம். மூன்று வாரம் கழித்து நாங்களே ஒரு வரிசையில் நின்றோம்.

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை பகல் 12 மணி. நவி மும்பை டி. ஒய். பாட்டீல் மைதானத்தில் ஜனவரி 18, 19 இரண்டு நாள் என்று அறிவித்து, கூட்டத்தைப் பார்த்து 21ஐயும் சேர்த்தார்கள். டிக்கெட் 2,500 ரூபாயில் தொடங்கியது, நிற்குமிடம் 6,450, மேல்தட்டு லவுஞ்ச் 35,000. சுமார் 1.3 கோடிப் பேர் முயன்றதாக டிக்கெட் விற்ற நிறுவனமே பிறகு சொன்னது. மூன்று மைதானம் நிறைய உள்ள டிக்கெட்டுக்கு 1.3 கோடிப் பேர்! எனக்கு வந்த வரிசை எண் லட்சங்களில் இருந்தது. குழுவில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சித்தி மகன் குரலில் அழுகையே வந்துவிட்டது. "அக்கா, நாமதான் இத்தனை வருஷமா கேக்குறோம். யாரோ வாங்கி விக்கிறதுக்கா இது?" என்றான். அன்று மாலைக்குள் மறுவிற்பனைத் தளங்களில் டிக்கெட்டுகள் லட்சங்களில் விலை போட்டுத் தொங்கின.

அன்றைய இரவுதான் எங்கள் குழுவில் பெரிய விவாதம். பிளாக்கில் வாங்கலாமா? வாங்கலாம் என்றவர்களின் வாதம் எளிது. இந்தியாவுக்கு இவர்கள் அடிக்கடி வருவதில்லை. 2016 நவம்பரில் மும்பை குளோபல் சிட்டிசன் விழாவுக்கு வந்தார்கள், ரஹ்மானோடு மேடையேறிப் பாடினார்கள், அதற்கப்புறம் எட்டு வருஷம் கழித்து இப்போதுதான். அடுத்து எப்போதோ, அப்போது வேலை, குழந்தை, உடம்பு எப்படி இருக்குமோ. இந்த ஏக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், எனக்கும் அதே ஏக்கம்தான். ஆனாலும் நான் வேண்டாம் என்று நின்றேன். 6,450 ரூபாய் டிக்கெட்டுக்கு நாம் 40,000 கொடுத்தால் வித்தியாசத்தில் ஒரு ரூபாய்கூட பாடகருக்கோ, மேடை கட்டிய தொழிலாளிக்கோ போகாது. முதல் நிமிடத்தில் கை வேகத்தாலோ மென்பொருளாலோ நம்மை முந்தியவருக்கு அது பரிசாகப் போகும். அந்தப் பரிசைப் பார்த்து அடுத்த கச்சேரிக்கு அவர் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

குழுவிலிருந்த தோழி ஒருத்தி காத்திருக்கவில்லை. சமூக வலைத்தளத்தில் அறிமுகமான ஒருவரிடம் முன்பணமாகப் பாதித் தொகையை யுபிஐயில் அனுப்பினாள். அந்த ஆள் டிக்கெட் உறுதிப்படுத்திய மின்னஞ்சலின் ஸ்க்ரீன்ஷாட்டைக்கூட அனுப்பியிருந்தார். பணம் போனதும் கணக்கே காணாமல் போய்விட்டது. ஏமாந்தது தெரிந்தவுடன் 1930 எண்ணுக்கு அழைப்பதுதான் முதல் வேலை, அது தேசிய சைபர் குற்ற உதவி எண். புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, பணம் கை மாறுவதற்குள் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். வெட்கத்தில் இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் இதில் பெரிய நஷ்டம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஸ்க்ரீன்ஷாட் எதற்கும் ஆதாரம் இல்லை. ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்ப முடியும். அசல் டிக்கெட்டே என்றாலும், கியூஆர் குறியீட்டை முதலில் வாசலில் காட்டியவருக்குத்தான் அது செல்லும்.

சட்டம் காப்பாற்றுமா என்றும் பேசினோம். கோல்ட்பிளே, பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ் கச்சேரிகளின் கள்ள டிக்கெட் விவகாரத்தில் அமலாக்கத் துறை 2024 அக்டோபரில் பல நகரங்களில் சோதனை போட்டது. மும்பை உயர்நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு, சட்டம் இயற்றுவது சட்டமன்றத்தின் வேலை என்று 2025 ஜனவரியில் தள்ளுபடியானது. அயர்லாந்து இதற்கு 2021லேயே சட்டம் போட்டுவிட்டது, அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை அங்கே குற்றம். பிரிட்டன் அரசும் அதே வழியில் போகப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. நமக்கும் அப்படி ஒன்று வந்தால் எங்கள் குழுவின் பாதிச் சண்டை தீரும்.

பேண்டுகளுக்கு இதில் பொறுப்பு இல்லையா என்று கேட்டால், நிச்சயம் இருக்கிறது. பேர்ல் ஜாம் என்ற அமெரிக்க பேண்ட் 1994லேயே டிக்கெட் 20 டாலருக்குள் இருக்க வேண்டும், சேவைக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று டிக்கெட் விற்கும் பெரிய நிறுவனமான டிக்கெட்மாஸ்டரோடு மோதியது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சியும் சொன்னது. தி க்யூர் பேண்டின் ராபர்ட் ஸ்மித் 2023இல் 20 டாலர் டிக்கெட்டின் மேல் அதைவிட அதிகமாகக் கட்டணம் ஏற்றியதைப் பார்த்துப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். வாங்கியவர்களுக்கு 10 டாலர், 5 டாலர் என்று பணம் திரும்பி வந்தது. பாடகர் வாய் திறந்தால் நடக்கும் என்பதற்கு அது அத்தாட்சி. கோல்ட்பிளே இந்த அளவுக்குச் சண்டை போடவில்லை. 100 கோடி டாலரைத் தாண்டி வசூல் செய்த சுற்றுப்பயணத்தை நடத்தியவர்கள் இன்னும் செய்யலாம் என்பது என் எண்ணம். அவர்கள் செய்தது ஒன்று உண்டு, அதற்குப் பெயர் இன்ஃபினிட்டி டிக்கெட்.

ஒவ்வொரு ஊரிலும் கச்சேரிக்குக் கொஞ்ச காலம் முன்னால் சுமார் 20 யூரோ மதிப்பில் சில டிக்கெட்டுகளைத் தனியே வெளியிடுவார்கள். இந்தியாவில் 2,000 ரூபாய், 2024 நவம்பர் 22 அன்று வந்தது. ஜோடியாகத்தான் வாங்க முடியும். உட்காரும் இடம் எது என்பது கச்சேரி நாளன்று கவுன்ட்டரில் கையில் வாங்கும்போதுதான் தெரியும். மேடைக்கு முன்னால் தரையிலும் கிடைக்கலாம், உச்சி வரிசையிலும் கிடைக்கலாம். எனக்கும் சித்தி மகனுக்கும் அப்படி ஒரு ஜோடி கிடைத்தது. அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிர்ஷ்டம் வரக் கதவு திறந்திருக்க வேண்டும் அல்லவா? செப்டம்பரில் மனம் வெறுத்துப்போனவர்கள் பலர் நவம்பரில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய கச்சேரிகளில் முதல் நாளோடு விற்பனை முடிந்துவிடுவதில்லை. மேடை, கேமரா, ஒலிக்கட்டுப்பாட்டு மேசை எங்கே வரும் என்று முடிவாகும் வரை கொஞ்சம் இருக்கைகளைப் பிடித்து வைத்திருப்பார்கள். இடம் உறுதியானதும் கடைசி வாரங்களில் அவற்றைப் பழைய விலைக்கே விடுவதும் உண்டு. அதிகாரப்பூர்வ அறிவிப்புகளைக் கடைசி நாள் வரை கவனித்து வந்தால் போதும். எங்கள் குழுவில் இன்னும் இரண்டு பேர் உள்ளே வந்தது அந்த வழியாகத்தான்.

ஆன்லைன் வரிசைக்கான தயாரிப்பு பற்றிக் கொஞ்சம். கணக்கில் முன்கூட்டியே நுழைந்து, பெயர், முகவரி, கார்டு விவரம் எல்லாம் சேமித்து வையுங்கள். வரிசையில் இடம் கிடைத்தபின் பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள், இடம் போய்விடலாம். எந்தப் பிரிவு, அதிகபட்சம் எவ்வளவு என்று இரண்டு மாற்றுகளோடு முன்னாலேயே பேசி முடிவு செய்யுங்கள். நிமிடக் கணக்கில் நேரம் ஓடும்போது வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பவருக்கு டிக்கெட் கிடைக்காது. வரியையும் கணக்கில் வையுங்கள். 500 ரூபாயைத் தாண்டிய கச்சேரி டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, டிக்கெட் தளத்தின் சேவைக் கட்டணமும் அதற்கான வரியும் தனி. விளம்பரத்தில் பார்க்கும் எண்ணும் வங்கியிலிருந்து போகும் எண்ணும் ஒன்றாக இருக்காது.

எந்த இடத்து டிக்கெட் என்பதில்தான் பழைய பாட்டு, புதுப் பாட்டுச் சண்டைக்கு உண்மையான பயன் இருக்கிறது. எந்தப் பாட்டுக்காகப் போகிறோம் என்று தெரிந்தால் எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்றும் தெரியும். மேடைக்கு முன்னால் நிற்பவருக்குக் கிறிஸ் மார்ட்டினின் முகம் தெரியும், வியர்வை தெரியும். அதற்காக மணிக்கணக்கில் நிற்க வேண்டும். சராசரிக்கும் குறைந்த உயரம் உள்ள என் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் முன்னால் இருப்பவரின் தலையும் செல்போனும்தான் தெரியும். இசை தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் ஒலிக்கலவை மேசை இருக்கும் வரிசைக்கு அருகில் இருங்கள். பொறியாளர் தன் காதுக்குச் சரியாக வரும்படிதான் ஒலியை அமைக்கிறார். கைப்பட்டைகளின் ஒளிக்கடல் வேண்டுமென்றால் மேல் வரிசைதான் சிறந்த இடம். தரையில் நிற்பவர்கள் அந்தக் கடலுக்கு உள்ளே இருக்கிறார்கள், கடலைப் பார்ப்பது மேலே இருப்பவர்கள்தான். அதனால் 2,500 ரூபாய் டிக்கெட் வாங்கியவர் எதையோ இழந்ததுபோல் வருத்தப்பட வேண்டியதே இல்லை. எங்களுக்குக் கவுன்ட்டரில் கிடைத்தது மேல் வரிசைதான். 'எல்லோ' தொடங்கி மைதானம் முழுக்க மஞ்சளாக மாறியபோது சித்தி மகன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அந்தப் பாட்டு வந்தபோது அவன் பிறந்திருக்கவே இல்லை.

மேல் வரிசையில் ஒலி கொஞ்சம் எதிரொலிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். 'கிளாக்ஸ்' பியானோ எனக்கு வீட்டில் கேட்கும் துல்லியத்தில் கேட்கவில்லை. 'ஃபிக்ஸ் யூ'வுக்கோ அதனால் எந்தக் குறையும் இல்லை, பாதிப் பாட்டை எங்களைச் சுற்றி இருந்தவர்கள்தான் பாடினார்கள். 'எ ஸ்கை ஃபுல் ஆஃப் ஸ்டார்ஸ்' நடுவில் பாட்டை நிறுத்தி, செல்போனை உள்ளே வைத்துவிட்டு ஒரே ஒரு பாட்டை மட்டும் நேராக அனுபவியுங்கள் என்று கேட்பது இவர்கள் வழக்கம். கேட்டதும் பெரும்பாலானவர்கள் வைத்தார்கள். மைதானம் எவ்வளவு பெரியது என்று அந்த நிமிடத்தில்தான் கண்ணால் பார்த்தேன். காது வலி வருபவர்கள், குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் காதடைப்பான் எடுத்துச் செல்லுங்கள். பாட்டு கெடாது, சத்தம் மட்டும் குறையும்.

பயணச் செலவு டிக்கெட்டைவிடப் பெரிதாகிவிடக் கூடாது என்பது என் அப்பாவின் கண்டிப்பு. "பாட்டு கேக்கப் போற, மா. அதுக்கு விமானம் எதுக்கு?" என்றார். சென்னையிலிருந்து மும்பையின் லோக்மான்ய திலக் டெர்மினஸ் போகும் ரயில் ஏறத்தாழ ஒரு நாள் ஓடும். டெர்மினஸுக்குப் பக்கத்திலேயே திலக் நகர் புறநகர் நிலையம், அங்கிருந்து ஹார்பர் லைன் புறநகர் ரயிலில் ஏறினால் மைதானம் இருக்கும் நேருல். விடுதி வாடகை அந்த வாரம் எங்கும் தாறுமாறாக ஏறியிருந்தது. அந்தப் பக்கம் சொந்தக்காரர்களோ நண்பர்களோ இருப்பவர்கள் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள், நவி மும்பையில் தமிழர்கள் நிறைய. விடுதிதான் வழி என்றால் டிக்கெட் கையில் வரும் முன்பே, கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் போட்டுவிடுவது நல்லது. கச்சேரி முடிந்ததும் எல்லோரும் ஒரே வாசலை நோக்கி ஓடுவார்கள். நாங்கள் கொஞ்ச நேரம் இருக்கையிலேயே இருந்து, கூட்டம் கரைந்த பிறகு நிலையத்துக்கு நடந்தோம். வாடகைக் கார் செயலிகளின் விலை அந்த நேரத்தில் ஏறும், செல்போன் சிக்னலும் தள்ளாடும். திரும்பும் வழியை மதியமே ஒருமுறை நடந்து பார்த்து வைப்பது பெரிய உதவி.

போக முடியாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகமதாபாத் நரேந்திர மோடி மைதானத்தில் ஜனவரி 26 அன்று நடந்த கச்சேரியை டிஸ்னி ப்ளஸ் ஹாட்ஸ்டாரில் நேரலையாகக் காட்டினார்கள். எங்கள் குழுவில் டிக்கெட் கிடைக்காதவர்கள் ஒரு வீட்டில் கூடி, நல்ல ஸ்பீக்கர் வைத்து, சாப்பாடு சமைத்துப் பார்த்தார்கள். 2005க்குப் பிறகான எதையும் ஏற்காத அந்த அண்ணனும் போயிருந்தார், 'விவா லா விடா'வுக்கு எல்லோரையும்விட உரக்கப் பாடியது அவர்தானாம். பெரிய கச்சேரிகள் எல்லாவற்றுக்கும் இப்படி நியாயமான விலையில் நேரலை கொடுத்தால் பிளாக் சந்தையின் காற்று பாதி இறங்கிவிடும் என்பது என் நம்பிக்கை.

இப்போது எங்கள் குழுவில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். யாரிடமாவது கூடுதல் டிக்கெட் இருந்தால், போக முடியாமல் போனால், முதலில் குழுவில் சொல்ல வேண்டும். வாங்கிய ரசீதைக் காட்டி, கட்டணமும் வரியும் சேர்த்து ஆன தொகைக்கு மட்டும் கொடுக்க வேண்டும், ஒரு ரூபாய்கூட மேலே வைக்கக் கூடாது. பெயர் மாற்ற அந்த டிக்கெட்டின் விதி அனுமதிக்கிறதா என்று வாங்குபவர் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த முறையில் ஏற்கெனவே சென்னையில் நடந்த வேறு கச்சேரிகளின் டிக்கெட்டுகள் கை மாறியிருக்கின்றன. பணம் இழந்த தோழிதான் இப்போது அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறாள். புதிதாகச் சேர்பவர்கள் முதலில் அவளிடம் பேச வேண்டும்.